பழ ஈயின் குடலை வைத்து செல் சமிக்ஞை படித்த கதை (நெட் எழுதுபவர்களுக்கு)

சிஎஸ்ஐஆர் நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) லைஃப் சயின்ஸுக்குப் படிக்கிறவர்கள் பலர் செல் சமிக்ஞை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லும் முறை, என்றாலே பயப்படுகிறார்கள். நானும் ஜாக்-ஸ்டாட், நாட்ச், ஈஜிஎஃப்ஆர் என்று ஒவ்வொரு சமிக்ஞைப் பாதையையும் தனித்தனிப் படமாகச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தவன்தான். ஒரு மாதிரித் தேர்வில், கிருமி தாக்கிய பழ ஈயின் குடலில் அப்டி3 மரபணுவை அடக்கினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள், கை ஓடவில்லை. நெட் வினாத்தாளின் சி பகுதியில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், தப்பானால் கழிவும் உண்டு.

எங்கள் வீடு பாலக்கோடு பக்கம், பட்டுப்புழு வளர்ப்பு. தொடர்மழையில் ஈரத்தழை போட்ட ஒரு வாரம், ஐந்தாம் பருவப் புழுக்கள் சில தழையைத் தொடாமல் தொளதொளவென்று கிடந்தன. அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டே, "குடல் கெட்டுப்போச்சுடா, இது இனி தேறாது" என்றார். அப்படியானால் தேறுகிற குடல் எப்படித் தேறுகிறது? இந்தக் கேள்வியோடு பழ ஈக்குத் திரும்பியபோதுதான் பாடம் பிடிபட்டது.

நடக்கிறது இதுதான். எர்வினியா பாக்டீரியா தீனியோடு உள்ளே போனதும் நடுக்குடல் செல்கள் அடிபடுகின்றன. அந்தச் சேதத்தில் ஒரு பங்கு, கிருமியை எரிக்க ஈயே டுவோக்ஸ் நொதியால் உண்டாக்கும், வேகமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளால் வருகிறது. அடிபட்ட செல் அப்டி3 என்ற புரதத்தை வெளியே விடுகிறது. அதைக் குருத்தணுவும் (பிரிந்து புதிய செல்களைத் தரும் ஸ்டெம் செல்), குடலைச் சுற்றியுள்ள தசையும் டோம்லெஸ் ஏற்பி வழியாக வாங்கி ஜாக்-ஸ்டாட்டை முடுக்குகின்றன. தசை தன் பங்குக்கு வெயின் என்ற ஈஜிஎஃப் வகைப் (ஈஜிஎஃப்ஆர் ஏற்பியைத் தூண்டும்) புரதத்தைச் சுரக்க, குருத்தணு வேகமாகப் பிரிகிறது. பிறந்த மகள் செல்லைக் குருத்தணு தன் மேலுள்ள டெல்டா என்ற புரதத்தால் தொட்டு, அந்த மகள் செல்லில் உள்ள நாட்ச் ஏற்பியை எழுப்பினால் அது உணவு உறிஞ்சும் செல்லாகிறது. இந்தக் குருத்தணுக்கள் அங்கே இருப்பதையே 2006இல்தான் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின, யோசித்துப் பாருங்கள்!

தேறாத குடலும் இதில் உண்டு. சூடோமோனாஸ் எண்டமோஃபிலா என்ற பாக்டீரியா அதிக அளவில் போனால் குடலில் புரத உற்பத்தியே நின்றுவிடும். மரபணு நகல் எடுக்கப்படுகிறது, புரதம் வருவதில்லை, பழுதுபார்ப்பு நடக்காமல் ஈ செத்துப்போகும். இந்த இடத்தில் கேள்வி கேட்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

சரி, எப்படிப் படிப்பது? ஒரே தாளில் மேலே உணவுப்பாதை, நடுவில் உறிஞ்சும் செல், அதன் அடியில் குருத்தணு, கீழே தசை என்று வரைந்து, யார் யாருக்குச் சொல்கிறார் என்று மட்டும் அம்பு போடுங்கள். அப்புறம் ஓர் அம்பை விரலால் மூடிக்கொண்டு விளைவைச் சொல்லிப் பாருங்கள். அப்டி3 அம்பை மூடினால் கிருமி வந்தும் பிரிதல் குறையும். நாட்ச்சை மூடினால் பிரிதல் நிற்காது. உறிஞ்சும் செல்லாக மாறாமல் குருத்தணு போன்ற செல்களும் ஹார்மோன் சுரக்கும் செல்களும் கட்டி கட்டியாகச் சேரும். நான் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லி மாதக்கணக்கில் மதிப்பெண் இழந்தேன்.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே மனிதக் குடலை வரையுங்கள். அங்கேயும் நாட்ச் உறிஞ்சும் செல் பக்கமே தள்ளுகிறது, ஆனால் குருத்தணுவைத் தாங்குவதில் முதல் இடம் வின்ட் என்ற இன்னொரு சமிக்ஞைப் பாதைக்கு.