டார்ட்மூரில் லெட்டர்பாக்ஸ் தேட: ஷீப்ஸ் டார் மலையை வைத்து ஒரு விளக்கம்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பாறை இடுக்குகளுக்குள் சிறு பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. இவற்றைத்தான் லெட்டர்பாக்ஸ் என்கிறார்கள். உள்ளே ஒரு ரப்பர் ஸ்டாம்பு, வந்தவர்கள் பதிந்துவிட்டுப் போக ஒரு நோட்டு. 1854-ல் சாக்ஃபோர்டு ஊர் வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறச் சதுப்பில் ஒரு பாட்டிலை வைத்து, வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயரட்டையைப் போட்டுவிட்டுப் போக வழிசெய்தார். அதுதான் தொடக்கம்.

முதல்முறை போகிறவர்களுக்கு பர்ரட்டர் நீர்த்தேக்கத்தின் மேலே நிற்கும் ஷீப்ஸ் டார் நல்ல இடம் (டார் என்றால் உச்சியில் பாறை துருத்தி நிற்கும் குன்று). உயரம் 369 மீட்டர்தான். ஆனால் சரிவெங்கும் கருங்கற்கள் சிதறிக் கிடப்பதால், டப்பா இருக்கும் இடத்தைச் சொல்லும் குறிப்பைச் சரியாகப் படிக்காமல் கல் கல்லாகப் புரட்டினால் பொழுது போய்விடும், டப்பா கிடைக்காது.

குறிப்பில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் அவற்றின் காம்பஸ் கோணங்களும் இருக்கும். இந்த மலையின் உச்சியிலிருந்து பார்த்தால் லெதர் டார் ஏறத்தாழ 350 டிகிரி, டவுன் டார் 50, ஷீப்ஸ்டர் ஊர்த் தேவாலயக் கோபுரம் 230. இதில் ஒரு சிக்கல் உண்டு. 50-உம் 230-உம் நேரெதிர்த் திசைகள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அவை நீங்கள் நிற்க வேண்டிய கோட்டைக் காட்டுமே தவிர, கோட்டில் எந்த இடம் என்று சொல்லாது. லெதர் டார் கோடு குறுக்கே வெட்டும்போதுதான் இடம் பிடிபடும்.

முதலில் கிட்டத்தில் உள்ள அடையாளத்தைச் சரிசெய்யுங்கள். ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குப் பதினேழு மீட்டர் விலகிவிடும். அடையாளத்தைப் பார்த்தபடி நின்று, காம்பஸ் குறிப்பைவிடக் குறைவாகக் காட்டினால் இடப்பக்கம் நகருங்கள். கூடுதலாகக் காட்டினால் வலப்பக்கம். அந்தக் கோடு கலையாமல் நடந்துகொண்டே மற்ற கோணமும் சேரும் இடத்தில் நின்றுவிடுங்கள். கைப்பேசி, கத்தி, காந்தப் பொத்தான் வைத்த பை எதுவும் காம்பஸ் பக்கத்தில் இருக்கக் கூடாது, முள் இழுபடும். பல பத்தாண்டு பழைய குறிப்பு என்றால் காந்த வடக்கே சில டிகிரி நகர்ந்திருக்கும். எல்லாக் கோணமும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தவறினால் காரணம் அதுதான்.

குறிப்பின் கடைசியில் வரும் ‘பத்து எட்டு’ என்பது, எழுதியவரின் காலடி அளவில் பத்து எட்டு. நான்கைந்து மீட்டர் தூரம் வரை சுற்றிலும் தேடுங்கள். ஒரு கல்லின் மேற்புறம் மட்டும் பாசி இல்லாமல் வெறுமையாக இருந்தால் யாரோ அண்மையில் நகர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். கையை விடுவதற்கு முன் தடியால் தட்டுங்கள். வெயில் நாளில் விரியன் வகைப் பாம்பான ஆடர் கல்லோரம் படுத்திருக்கும். பழங்காலக் கல்வட்டம், கல்லறை, சுவர் இவற்றின் கற்களைத் தொடவே கூடாது. அங்கே டப்பா வைப்பதும் விதிமீறல்.

சொந்த ஸ்டாம்பு பேடு கட்டாயம். பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் காய்ந்திருக்கும். பென்சிலும் வேண்டும், ஈரத்தாளில் பேனா எழுதாது. பெட்டியில் உள்ள ஸ்டாம்பை உங்கள் நோட்டிலும், உங்கள் ஸ்டாம்பைப் பெட்டியில் உள்ள நோட்டிலும் பதியுங்கள். மை காயாமல் நோட்டை மூடினால் முந்தைய பக்கமும் பாழ்; நடுவே ஒரு மெல்லிய காகிதம் வையுங்கள். பிறகு ரப்பரைத் துடைத்து, மூடியின் விளிம்பில் ஒரு புல்லோ மணலோ இல்லாமல் தடவிப் பார்த்து மூடுங்கள். பல டப்பாக்களுக்குள் தண்ணீர் போவது அந்த ஒரு புல்லால்தான். எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்து, அதே கல்லால் மறையுங்கள். இரண்டடி தள்ளி வைத்தாலும் அடுத்து வருபவர் வெறுங்கையோடு இறங்க வேண்டிவரும். இந்த விளையாட்டே அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

ஷீப்ஸ் டாரை முடித்துவிட்டு கிரான்மியர் பூலுக்குப் போக ஆசை வந்தால், அது ராணுவத் துப்பாக்கிச் சுடு பயிற்சி எல்லைக்குள் இருக்கிறது. முன்கூட்டி வெளியிடப்படும் சுடும் நேரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு தெரிந்தால் உள்ளே போகக் கூடாது. கொடி இல்லாத நாளிலும், தரையில் கிடக்கும் எந்த உலோகத் துண்டையும் தொடாதீர்கள்.