கொட்டாவியில் எழுந்த கை

“தூக்குனான் மேடம். நானே பாத்தேன். வீடியோ எடுத்து வெச்சிருக்கேன், பாருங்க” என்று அந்த அம்மா போனை நீட்டினார். பாயில் மல்லாந்து கிடக்கிற பிள்ளை வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விடுகிறான். பக்கவாதம் வந்து பதினோரு நாளாகத் துணி போலக் கிடந்த வலது கை முழங்கையில் மடங்கி மெல்ல நெஞ்சு வரைக்கும் எழும்புகிறது. கொட்டாவி முடிந்ததும் பொத்தென்று விழுகிறது. பின்னாலிருந்து அவன் ஆயாவின் குரல், “முருகா, முருகா” என்று.

நான் சொன்னது இவ்வளவுதான்: “அது அவன் தூக்குனது இல்லம்மா. கொட்டாவி விடும்போது தானா வர்றது. அதைக் கணக்குல எடுத்துக்காதீங்க.”

அந்த அம்மா போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “சரிங்க மேடம்” என்றார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். நான் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற அறையில் அன்றைக்குக் கூட்டம் அதிகம்.

சொன்னதில் மருத்துவப் பிழை கிடையாது. கையை நினைத்துத் தூக்குவதற்கு மூளையின் மேற்பரப்பிலிருந்து கட்டளை கீழே இறங்க வேண்டும். பக்கவாதம் அறுத்துப் போட்டது அந்தப் பாதையைத்தான். கொட்டாவி என்பது அதற்கும் கீழே, மூளைத்தண்டு பார்க்கிற வேலை. மேலேயிருந்து வரும் பிடி தளர்ந்துவிட்டால், தண்டு கொட்டாவி விடும்போது கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பெரியவர்களிடமும் இதைப் பார்க்கலாம். வாதம் விழுந்த பக்கம் கொட்டாவியின்போது எழும்பும், வீட்டார் அழுவார்கள், மறுநாள் “தூக்குப்பா” என்றால் விரல்கூட அசையாது. தும்மலிலும் இருமலிலும் சில பேருக்கு இப்படி வரும்.

பிள்ளைக்கு அப்போது ஒன்றே கால் வயது. இது அவனுக்கு இரண்டாவது பக்கவாதம். முதலாவது பத்து மாதத்தில், தூளியிலிருந்து விழுந்து. தூளி தரையிலிருந்து இரண்டடி உயரம்கூட இல்லை. அழுதான், பால் குடித்தான், தூங்கினான். எழுந்தபோது வலது கையும் காலும் விழுந்திருந்தன. ‘காத்து கருப்பு’ என்று ஒரு நாள் போனது. ஸ்கேனில் மூளையின் ஆழத்துக்குப் போகிற தலைமுடி போன்ற ரத்தக் குழாய்களின் ஓரத்தில் மெல்லிய சுண்ணாம்புக் கோடுகள் தெரிந்தன. மினரலைசிங் ஆஞ்சியோபதி என்பார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளிடம் நம் நாட்டில் நன்றாகப் பதிவான ஒன்று. பெரிய அடியெல்லாம் வேண்டாம். கட்டிலிலிருந்தோ படியிலிருந்தோ சாதாரணமாக விழுந்தாலே அந்த முறுக்கில் குழாய் அடைத்துக்கொள்ளும், சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் ஒரு பக்கம் விழும். இப்படி வருகிற பிள்ளைகள் பல பேருக்கு ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைந்திருக்கும். இவனுக்கும் அப்படித்தான். ஒரு வருடம் ஆவதற்கு முன்பே நாளைக்கு ஒரு லிட்டர் பசும்பால், சோறு அரைக் கரண்டி.

முதல் தடவை ஆறு வாரத்தில் முக்கால்வாசி தேறிவிட்டான். ஐந்து மாதம் கழித்துத் திண்ணைப் படியில் தடுக்கி விழுந்தான். மறுபடியும் அதே பக்கம்.

இந்த வகையில் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத் தேறுகிறார்கள். அது எனக்குத் தெரியும். வீடியோவைப் பார்த்த நேரத்திலும் தெரியும். அதைச் சொல்லாமல் கொட்டாவியைப் பற்றி மட்டும் ஏன் சொன்னேன் என்பதுதான் இத்தனை மாதமாக என்னைக் குடைகிறது.

எனக்கு ஒரு நியாயம் இருந்தது. தானாக வருகிற அசைவை முன்னேற்றம் என்று எண்ணி ஏமாந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கவாதம் வந்த கை முதலில் தொளதொளவென்று இருக்கும். சில வாரங்களில் இறுக ஆரம்பிக்கும். “இப்பல்லாம் என் விரலைக் கெட்டியாப் புடிச்சுக்குது மேடம்” என்று சந்தோஷமாக வருவார்கள். அது பிடிப்பு அல்ல, விறைப்பு. அந்தச் சந்தோஷத்தில் பயிற்சி குறையும். மூன்று மாதம் கழித்து வரும்போது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, முஷ்டி திறக்காமல், உள்ளே வியர்த்துப் புளித்த வாடை அடிக்கும். நகம் பதிந்து புண்ணாகியிருக்கும். அப்புறம் கையை விரித்துப் பிடிக்கிற ஸ்பிளின்ட், இறுக்கத்தைத் தளர்த்துகிற போடாக்ஸ் ஊசி என்று போக வேண்டும். இப்படி ஒரு முஷ்டியைப் பிரித்துக் கழுவியவர்களுக்கு, பொய்யான அசைவைப் பொய் என்று சொல்லாமலிருக்க வாய் வராது.

ஆனால் இந்த அம்மா பயிற்சியைக் குறைக்கிற ஆள் இல்லை. அதற்குச் சாட்சி அவர் கொண்டுவரும் காலண்டர் தாள்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பேனாவால் கோடு போட்டு வைப்பார். கையை ஊன்ற வைத்தது ஒரு கோடு. குதிகால் தசைநாரை இழுத்துப் பிடித்தது ஒரு கோடு. குழாய் மறுபடி அடைக்காமலிருக்கக் கொடுக்கிற ஆஸ்பிரினுக்கு ஒரு வட்டம்.

ஊன்ற வைப்பது சுலபமில்லை. பிள்ளையைப் பாயில் ஒருக்களித்து உட்கார வைத்து, விழுந்த கையை உடம்புக்குச் சற்று வெளியே, உள்ளங்கை தரையில் படும்படி வைக்க வேண்டும். விரல்கள் விரிந்திருக்க வேண்டும், கட்டைவிரல் வெளியே இருக்க வேண்டும். நம் ஒரு கை அவன் முழங்கையைப் பின்னாலிருந்து தாங்கும், இல்லாவிட்டால் மடங்கி முகம் தரையில் அடிக்கும். இன்னொரு கையால் எதிர்ப்பக்கம் பொம்மையைக் காட்டினால் அவன் உடம்பைச் சாய்ப்பான், எடை கைக்குள் இறங்கும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு தடவை. வீட்டில் பிழை நடப்பது பெரும்பாலும் கட்டைவிரலில்தான், அது மடங்கியபடியே உள்ளங்கைக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். அடுத்தது தோள். விழுந்த கையைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு நழுவும். அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். எண்ணெய் போட்டு உருவுகிறவர்கள் கையைச் சுண்டி இழுப்பார்கள். அதைத் தடுக்க வேண்டும். வாதத்துக்குத் தடவ என்று புறா ரத்தத்தோடு ஒரு பெரியவர் வந்தபோது ஆயாவே அவரைத் திருப்பி அனுப்பினார் என்று கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மருந்து விஷயமும் வீட்டில் நன்றாகத்தான் நடந்தது. ஒன்பதரை கிலோ பிள்ளை. ஆஸ்பிரின் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் என்றால், 75 மில்லிகிராம் கரையும் மாத்திரையில் பாதி. இரும்புச் சொட்டு மருந்தைப் பாலோடு கொடுக்கக் கூடாது, சாத்துக்குடிச் சாற்றோடு கொடுக்கலாம். பால் அரை லிட்டருக்குக் கீழே இறங்கியது. தூளி அவிழ்ந்தது, படுக்கை தரைக்கு வந்தது, பைக்கின் பெட்ரோல் டேங்க்கில் உட்கார வைப்பது நின்றது. ஒன்றை மட்டும் எல்லா வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வைப்பேன்: வீட்டில் யாருக்காவது அம்மை போட்டாலோ, பிள்ளைக்கு ஃப்ளூ மாதிரி காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் உள்ளே போனால் ஈரலும் மூளையும் கெடுகிற ஆபத்து உண்டு. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டார்கள். அதனால்தான் முன்பே சொல்லி வைப்பது.

இதையெல்லாம் பிசகாமல் செய்த வீட்டில், கொட்டாவி நாளுக்கு அப்புறம் ஒன்பது தாள்கள் வெறுமையாக இருந்தன. வட்டம் இருந்தது, கோடு இல்லை. அடுத்த தடவை வந்தபோது தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். “ஆயாவுக்கு ஜுரம் மேடம். கரும்பு வெட்டு நடக்குது, அவரும் வூட்ல இல்ல” என்றார். இருக்கலாம். நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு வெட்டு நடக்கும்போது ஆண்கள் வீட்டில் தங்குவதில்லை. ஆயாவின் காய்ச்சலும் உண்மையாக இருக்கலாம். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வரும் என்று பயந்தேனோ என்னவோ.

அந்த ஒன்பது நாளில் பெரிய நஷ்டம் ஒன்றும் நடந்துவிடவில்லை, கை திறந்துதான் இருந்தது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எந்த நாள் முக்கியம் என்று பார்த்துச் சொல்ல இந்த வேலையில் வழி இல்லை. தினம் தினம் கொஞ்சம் என்பதைத்தான் நாங்கள் எல்லோருக்கும் சொல்கிறோம்.

அன்றைக்கு வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்? கொட்டாவியில் கை எழும்பியது என்றால் தண்டுவடத்திலிருந்து கை வரைக்கும் நரம்பும் தசையும் மூட்டும் சரியாக இருக்கின்றன என்று பொருள். “கம்பி நல்லா இருக்கும்மா, மேல சுவிட்ச்தான் இன்னும் வரலை” என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அது எனக்கு முதல் நாளே தெரிந்த விஷயம். பக்கவாதத்தில் கம்பி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். புதிதாக எதையோ கண்டுபிடித்த மாதிரி அதைச் சொல்வது ஆறுதலுக்கு ஜிகினா ஒட்டுவதாகாதா? இங்கே வந்து நிற்பேன். அடுத்த நிமிடமே, எனக்குத் தெரிந்தால் போதுமா, அந்த அம்மாவுக்கு அது அன்றைக்குத்தானே தெரிந்திருக்கும் என்று தோன்றும்.

எதைப் பார்க்க வேண்டும் என்றாவது காட்டியிருக்கலாம். தூக்கத்திலும் அழுகையிலும் கொட்டாவியிலும் வருவது ஒரு வகை. பிள்ளைக்குப் பிடித்த பொருளை விழுந்த கைப்பக்கம் வைத்து, நல்ல கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, அரை நிமிடம் சும்மா இருந்தால் தெரிவது இன்னொரு வகை. முதலில் பார்வை அங்கே போகும். பிறகு தோள் லேசாக மேலே ஏறும். கை வராது, தோள் மட்டும்தான் வரும். அந்தத் தோள் ஏறுவதுதான் கணக்கு. அதற்குப் பிறகு கை முழுசாக வீசும், பிறகு உள்ளங்கையால் பிடிக்கும், பிறகு விடும். பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். விரல் நுனி கடைசி. கால் இதற்கெல்லாம் முன்பே வந்து பிள்ளை நடந்துவிடும், அதனால் வீட்டில் கையை மறந்துவிடுவார்கள். இதை இரண்டு நிமிடத்தில் சொல்லலாம். அன்றைக்கு என்னிடம் அந்த இரண்டு நிமிடம் இருந்தது. கூட்டம் அதிகம் என்று மேலே எழுதினேன். உண்மைதான், ஆனால் இரண்டு நிமிடம் இருந்தது.

ஐந்தாவது வாரம் எவர்சில்வர் தட்டை அவன் வலது கையால் அடித்தான். மேஜைக்கு இந்தப் பக்கம் நானே பார்த்தேன். தட்டைப் பார்த்தான், தோள் ஏறியது, கை வீசியது, சத்தம் கேட்டுச் சிரித்தான், மறுபடி அடித்தான். அந்த அம்மா என்னைப் பார்த்து, “அன்னைக்கே தூக்குனான்னு சொன்னேனே மேடம்” என்றார். கோபம் இல்லை. என்னையும் அந்தச் சந்தோஷத்தில் சேர்த்துக்கொள்கிற குரல்.

இரண்டும் ஒன்றல்ல என்று விளக்கலாம். தலையாட்டினேன்.

அன்றே, நல்ல கையை மூடி விழுந்த கையை வேலை செய்ய வைக்கிற சாக்ஸ் பயிற்சி ஆரம்பித்தோம். நல்ல கைக்கு ஒரு பருத்தி சாக்ஸை மாட்டி, சட்டைக் கையோடு நாலு தையல் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பல்லால் உருவிப்போடுவான். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், ஆறு வாரம். பசியோ தூக்கமோ வரும் நேரம் வேண்டாம். உட்கார்ந்துதான் செய்ய வேண்டும், சாக்ஸோடு நடக்க விட்டால் விழும்போது ஊன்றக் கை இருக்காது. இவனைப் போல விழவே கூடாத பிள்ளைக்கு அது இரட்டை ஆபத்து. பொம்மையை எடுத்துக் கையில் திணிக்கக் கூடாது. தட்டினாலே பலன் தருகிறதில் தொடங்க வேண்டும்: தட்டு, மணி, தண்ணீர்ப் பேசின். பிறகு ஸ்பாஞ்ச், பிறகு வளையலைக் கம்பியில் மாட்டுவது. ஆயா முந்திரிக்கொட்டை வைத்துப் பொறுக்க விடலாமா என்று கேட்டார். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், பருப்பென்றால் தொண்டையில் சிக்கும், இரண்டும் வேண்டாம் என்றேன். முதல் நாள் ஆசையில் மூன்று மணி நேரம் கட்டி வைத்துப் பிள்ளையை அழவிட்டு, மறுநாள் சாக்ஸைத் தூக்கிப் போட்ட வீடுகள் உண்டு. இவர்கள் அரை மணியைத் தாண்டவில்லை. ஆறு வாரத்தில் ஒரே ஒரு தாள்தான் வெறுமை.

இப்போது இட்லித் துண்டை நசுக்காமல் பிடிக்கிறான். முதலில் மாவாக்கிவிடுவான், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கைக்குத் தெரியாது. ஓடும்போது மட்டும் கட்டைவிரல் உள்ளே போகிறது. பள்ளிக்குப் போய் எழுதுகிற வயதில் வேறு சிரமங்கள் தலைகாட்டலாம் என்பதைச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை உட்கார்ந்து, நேரம் எடுத்து, பிள்ளையின் அப்பாவும் கூட இருக்கும்போது சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு, “இப்பத்திக்கு இது போதும் மேடம்” என்றார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். போன வாரம் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா பெண் குழந்தையோடு வந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வாரம். போனை எடுத்தார். குழந்தை கொட்டாவி விடுகிறது, இடது கை எழும்புகிறது. “பாத்தீங்களா மேடம்?”

வீடியோவை இரண்டு தடவை ஓட விட்டேன். “மூட்டு நல்லா இருக்கு” என்றேன். கையை எப்படி ஊன்ற வைப்பது என்று பாயில் உட்கார்ந்து காட்டினேன். கொட்டாவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார்.