எந்தக் கட்சி ஆள்?

செய்தி வந்த மறுநாள் அலுவலகத்துக்கு வரும் முதல் போன், 'நீங்க போட்டது தப்பு' என்று தொடங்குவது அபூர்வம். 'எழுதினது யாரு சார், எந்தக் கட்சி ஆளு?' என்பார்கள். 'எந்த வரி தப்புன்னு சொல்லுங்க, திருத்திடலாம்' என்றால் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். அப்போதெல்லாம் எனக்கு, அமெரிக்க இறுதிச்சடங்குத் தொழிலை அம்பலப்படுத்திய பத்திரிகையாளர் ஜெசிக்கா மிட்ஃபோர்டு ஞாபகம் வரும்.

1917-ல் இங்கிலாந்துப் பிரபு ரீட்ஸ்டேல் வீட்டில் பிறந்தவர். அக்கா டயானா பிரிட்டிஷ் பாசிசத் தலைவர் மோஸ்லியின் மனைவி. இன்னொரு அக்கா யூனிட்டி ஹிட்லரின் சிநேகிதி. இவரோ 19 வயதில் காதலர் எஸ்மண்ட் ரோமிலியோடு வீட்டைவிட்டு ஓடி, ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ப் பக்கம் போனவர். இரண்டாம் உலகப் போரில் ரோமிலியை இழந்தபின், அமெரிக்காவில் வக்கீல் ராபர்ட் ட்ரூஹாஃப்டை மணந்து கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். 1958-ல் விலகினார்.

சரி, குடும்பக் கதை போதும். நிருபர்கள் கவனிக்க வேண்டியது அவர் வேலை பார்த்த விதம். தொழிலாளி இறந்தால் சங்கம் போராடி வாங்கித்தந்த உதவித்தொகையை இறுதிச்சடங்கு நிறுவனமே விழுங்கிவிடுகிறதே என்று முதலில் கவனித்தவர் ட்ரூஹாஃப்ட்தான். மிட்ஃபோர்டு உடனே அந்தத் தொழில்காரர்கள் தங்களுக்குள் படிக்கும் பத்திரிகைகளையும் கையேடுகளையும் வரவழைத்துப் படித்தார். சவப்பெட்டிக் கூடத்தை எப்படி அமைப்பது என்று ஒரு கையேடு பாடமே நடத்தியிருந்தது: மனிதர்கள் இயல்பாக வலப்பக்கம் திரும்புவார்கள், அங்கே அகலமான வழிவிட்டு விலை கூடியதை வை, மலிவானது இடப்பக்கம். இதைத் தெரிந்துகொள்ள மாறுவேடம், ரகசியக் கேமரா எதுவும் தேவைப்படவில்லை. எல்லாம் அச்சில் இருந்தது.

இதையெல்லாம் வைத்து அவர் எழுதிய 'தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்' புத்தகத்தில், பிணத்தைப் பதப்படுத்தும் முறையை விவரித்த பகுதியை நீக்கச் சொன்னது முதல் பதிப்பகம். மறுத்துவிட்டு வேறு பதிப்பகத்துக்குப் போனார். 1963-ல் புத்தகம் வந்து பரபரப்பாக விற்றது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் அவருடைய கம்யூனிஸ்ட் தொடர்புகளை அடுக்கினார். அங்கேயும் அதே போன்தான்! இருந்தும் 1984-ல், இறுதிச்சடங்கு நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை சொல்லியாக வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது.

மிட்ஃபோர்டு நடுநிலை வேஷம் போட்டதே இல்லை. அது எனக்கு உடன்பாடுதான். ஆனால் பிரபு வீட்டுத் தோரணையும் உச்சரிப்பும் அவருக்குச் சில கதவுகளைத் திறந்திருக்கும் என்றே நினைக்கிறேன்; எங்கள் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அதனால் புதிதாகச் சேருகிறவர்களிடம், நீங்கள் பார்க்கும் துறைக்காரர்களின் சங்க இதழ்களைத் தேடிப் படியுங்கள் என்கிறேன். 'போர் அடிக்குது சார்' என்கிறார்கள். அடிக்கத்தான் செய்யும்.