சுருக்கம் விழுந்த மஞ்சள் மாம்பழம்

மார்ச் பிறந்ததும், நாங்கள் வசிக்கும் டெக்சாஸ் நகரத்தில் மெக்சிகோக் குடும்பம் ஒன்று நடத்தும் காய்கறிக் கடையின் வாசலில் சிறிய மஞ்சள் மாம்பழங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவும், நாரில்லாத சதையும், தகடு போல மெலிந்த கொட்டையும் கொண்ட அந்தப் பழத்தின் பெயர் அதாவுல்ஃபோ. முதல் ஆண்டு, தோல் சுருங்கிய பழங்களைக் கெட்டவை என்று எண்ணி ஒதுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மாள் அருகில் வந்து, நான் ஒதுக்கியவற்றையே எடுத்து என் பையில் போட்டு, இன்றைக்கு உண்ணத் தக்கவை இவைதாம் என்றார். அன்று தொடங்கிய ஆர்வத்தில் அந்தப் பழத்தின் பிறப்பிடத்தையும், இயற்கை வேளாண் முத்திரையோடு வரும்போது அதன் விலை ஏன் கூடுகிறது என்பதையும் தேடிப் படித்து வருகிறேன்.

மெக்சிகோவின் தென்கோடியில், குவாத்தமாலா எல்லையை ஒட்டிய சியாபாஸ் மாநிலத்தில், பசிபிக் கரையோரமாக சொகொனுஸ்கோ என்ற சமவெளி இருக்கிறது. ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் அரசர்களுக்குக் கொக்கோ கொடுத்த மண் அது. அங்குள்ள தபாச்சுலா நகரத்தில் அதாவுல்ஃபோ மொராலெஸ் கொர்தில்லோ என்பவரின் நிலத்தில் நின்ற மரங்களிலிருந்து இந்த இரகம் பரவியதால் அவர் பெயரே பழத்துக்கும் நிலைத்தது. 2003ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது.

மாமரம் அந்த நாட்டுக்கு வந்தேறிய மரம். மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் நினைவாக, வெராகுரூஸ் மாநிலத்தில் விளையும் மஞ்சள் மாம்பழத்தை இன்றும் மணிலா என்றே அழைக்கிறார்கள். சிவப்புத் தோல் கொண்ட ஹேடன், டாமி அட்கின்ஸ் போன்றவை வேறு வழியாக, புளோரிடாவிலிருந்து வந்தன. ஹேடனின் தாய்மரம் 1889இல் இந்தியாவிலிருந்து புளோரிடாவுக்குப் போன ஒட்டுக்கன்று. அங்கே அதற்கு வழங்கிய பெயர் முல்கோபா. நம் மல்கோவாவின் பெயர்தான் அது என்று அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

இயற்கை வேளாண்மை என்றால் மரத்தைச் சும்மா விட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். மாந்தோப்பைப் பொறுத்தவரை அது முழுத் தவறு. வழக்கமான தோட்டத்தில், சந்தைக்கு முந்திக்கொள்வதற்காகப் பாக்லோபுட்ரசால் என்னும் வளர்ச்சித் தடுப்பியை வேரில் ஊற்றி மரத்தை முன்கூட்டியே பூக்க வைக்க முடியும். இயற்கைத் தோட்டத்தில் அதற்கு அனுமதியில்லை. வறண்ட, வெயில் தணிந்த வாரங்களுக்காகக் காத்திருக்க வேண்டும், முந்திய பழத்துக்குக் கிடைக்கும் நல்ல விலையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். பூங்கொத்து துடைப்பம் போலத் திரண்டு காய்க்காமல் போகும் பூஞ்சை நோயை அங்குள்ளவர்கள் சூனியக்காரியின் துடைப்பம் என்கிறார்கள். அதற்கு, கண்ணில் பட்ட கொத்தையெல்லாம் வெட்டி எரிப்பதைத் தவிர எளிய வழியில்லை. உதிர்ந்த பழங்களை அன்றன்றைக்கே பொறுக்கிப் புதைக்காவிட்டால், அவற்றிலுள்ள புழுக்கள் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மீண்டும் பழ ஈக்களாக வெளிவரும். அந்த ஈயின் புழுவுக்குள் முட்டையிடும் குளவிகளையும், சியாபாஸின் மெதாபா ஊரிலுள்ள ஆலையில் வளர்த்து மலடாக்கிய ஈக்களையும் மாந்தோப்புப் பகுதிகளில் பறக்கவிடுகிறார்கள்; மலட்டு ஈயோடு கூடிய ஈயின் முட்டை பொரிக்காது. மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் ஸ்பினோசாட் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த இரையைத் தெளிக்க இயற்கை விதிகள் இடம் தருகின்றன. எனவே முத்திரை பெற்ற பழம் எந்தத் தெளிப்பும் காணாதது என்று சொல்வது சரியல்ல. ஆயினும் விலக்கப்பட்ட பொருள் எதுவும் மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தில் படாமல் இருந்தால்தான் அமெரிக்காவில் அந்த முத்திரையோடு விற்க முடியும். அந்த மூன்று ஆண்டுகளும் விவசாயி இயற்கை முறையில் உழைத்து, சாதாரண விலைக்கே விற்கிறார். கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை நான் அந்த உழைப்புக்கான கூலியாகவே கருதுகிறேன்.

பறிப்பதிலும் கைவேலைதான் மிகுதி. பை கட்டிய நீண்ட கழியால் காயை இறக்கி, காம்பைக் கிள்ளித் தலைகீழாகக் கவிழ்த்துப் பால் வடிய விடுகிறார்கள். அந்தப் பால் பட்ட இடத்தில் தோல் வெந்து கறுத்துவிடும் என்பது மாமரம் வளர்த்த எல்லாருக்கும் தெரியும். பிறகு, ஈயின் முட்டையும் புழுவும் அழிவதற்காக, பழத்தை 46.1 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், எடைக்கும் வடிவத்துக்கும் ஏற்ப 65 முதல் 110 நிமிடம் வரை மூழ்க வைக்கிறார்கள். இயற்கைப் பழமும் இந்தக் குளியலுக்கு விலக்கல்ல. வெறும் நீரும் சூடும் என்பதால் முத்திரைக்கு அது தடையாவதில்லை.

இனி உண்ணும் முறைக்கு வருகிறேன். மாம்பழத்துக்கென்றே மெக்சிகோவில் ஒரு முள்கரண்டி உண்டு. நடுமுள் மட்டும் நீண்டிருக்கும். அதைக் கொட்டைக்குள் குத்தி நிறுத்தி, தோலை உரித்து, கையில் சாறு படாமல் உண்பார்கள். தெருவிலோ கரண்டிக்குப் பதில் குச்சி. தோல் சீவிய பழத்தை வியாபாரி கத்தியால் இதழ் இதழாகக் கீறி விரிக்க, அது பூப்போல மலரும். மேலே எலுமிச்சைச் சாறும் உப்பும் மிளகாய்த் தூளும். உப்பில் ஊறிய பழங்களையும் மிளகாயையும் கொண்டு செய்யும் சமோய் என்ற புளிப்புக் குழம்பை ஊற்றிக்கொள்பவர்களும் உண்டு. முற்றாத பச்சைக் காயைக் கீற்றாக நறுக்கி அதே உப்பு, மிளகாயோடு தருவதும் வழக்கம். மெக்சிகோ மண்ணிலிருந்து உலகெங்கும் பரவிய மிளகாய்தான் மெரினா கடற்கரையில் நம் மாங்காய்க் கீற்றின் மேலும் கிடக்கிறது.

சென்ற கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அதே கடைக்கு அழைத்துச் சென்றேன். கடைக்கார அம்மாள் பச்சைக் காய் ஒன்றை நறுக்கிக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஒரு கீற்றைக் கடித்துக் கண்ணைச் சுருக்கிய அம்மா, மிளகாய்த் தூள் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று கையால் காட்டினார்; அவரும் புரிந்துகொண்டு தூவினார்.