மரஸ்கேலும் மைதா பசையும்

எங்கள் பெரியப்பா ஒரு தமிழ் நாளிதழுக்குக் கடலூர் பகுதிநேர நிருபர். விபத்து, தேர்த் திருவிழா, கலெக்டர் ஆபீஸ் மனு எல்லாம் எழுதுவார், ஆனால் உயிர் கிரிக்கெட்டில்தான். சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்கு சென்டிமீட்டர் கணக்கில் காசு. மாதக் கடைசியில் வெட்டி வைத்த செய்திகளை மைதா பசையால் வெள்ளைத்தாளில் ஒட்டி, மரஸ்கேலால் அளந்து ஓரத்தில் எண்ணைக் குறிப்பார், கூட்டல் போடுவது என் வேலை. மாவட்ட லீக் செய்தி பெரும்பாலும் நாலு சென்டிமீட்டரைத் தாண்டாது.

அந்த நாலு சென்டிமீட்டருக்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்க மஞ்சக்குப்பம் மைதானத்தில் வெயிலில் இருப்பார். மாட்ச் முடிந்ததும் ஸ்கோரர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே, "தம்பி, உனக்கு இனிஷியல் என்ன?" என்று ஒவ்வொரு பையனையும் கூப்பிட்டுக் கேட்பார். ஒரே டீமில் மூன்று சுரேஷ் இருப்பார்கள், இனிஷியல் மாறினால் வேறொருத்தன் வீட்டில் பேப்பரை வெட்டி வைத்துவிடுவார்கள் என்பார். அப்புறம் பிரஸ் கவரை எடுத்துக்கொண்டு நான் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும், சென்னை பஸ் கண்டக்டரிடம் கொடுக்க.

1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடனான சேப்பாக்கம் டெஸ்டின் கடைசி நாளுக்குப் போனார். பிரஸ் பாக்ஸில் இல்லை, காசு கொடுத்து டிக்கெட் வாங்கித்தான். 348 அடிக்க வேண்டிய இந்தியா 347-இல் நின்றது, கடைசி ஓவரில் ஒரு பந்து மீதி, ஆஸ்திரேலியாவின் மேத்யூஸ் பந்தில் கடைசி ஆள் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ, இரண்டு பக்கமும் சமமாகி மாட்ச் டை. ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே நாலு பக்கம் எழுதினார். அவர் பேப்பரில் ஏஜென்சி செய்திதான் வந்தது.

அந்த நாலு பக்கமும் இப்போது என்னிடம் இருக்கிறது. பஸ் குலுக்கலில் எழுத்து கோணல்மாணலாக ஓடுகிறது. அந்தப் புழுக்கத்திலும் மேத்யூஸ் ஸ்வெட்டரைக் கழற்றாமல் பந்து போட்டதையும், மறுமுனையில் 48-இல் நின்றுபோன சாஸ்திரியின் முகத்தையும் விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பெரியவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்ததை ஒரு பத்தி எழுதியிருக்கிறார். நான் படித்த எந்த மாட்ச் ரிப்போர்ட்டிலும் அப்படி ஒரு பத்தி இல்லை. அதைப் போடாமல் விட்டது பெரிய தவறு, இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

2018-இல் புதுச்சேரி முதன்முறையாக ரஞ்சி கோப்பையில் ஆடியபோது துத்திப்பட்டு மைதானத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன். எழுதுவதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. சட்டைப் பையில் பேனாவும் மடித்த தாளும் இருந்தன. விக்கெட் விழுந்ததும் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "அந்தப் பையனுக்கு இனிஷியல் என்னப்பா?"