அவன் என் முகத்தைப் பார்க்காத நாட்கள்

மகனுக்கு 31ஆம் நாள் சடங்கு நடந்த அன்று வீடு நிறையச் சனம். துடக்குக் கழித்து ஐயர் போன பிறகு, மாமி அவனை என் மடியில் கிடத்தி, "அம்மாவைப் பாரடா ராசா" என்றார். அவன் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தான். நானும் அவனைப் பார்க்கவில்லை. யாரோ வீட்டுப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லித் தந்த மாதிரி இருந்தது.

கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. அம்மா சரக்கு அரைத்துக் கறி வைத்தார். ஆடாதோடையும் வேப்பிலையும் அவித்த தண்ணீரில் குளிக்க வார்த்தார். பால் இருந்தது, பிள்ளைக்கு நிறையும் ஏறியது. ஆனால் அவன் நித்திரை கொண்டாலும் எனக்குக் கண் மூடாது. விடியப்புறம் மூன்று மணிக்குக் கிணற்றடியில் நிற்பேன். எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. காத்துக்கறுப்பு அண்டிவிட்டது என்று நூல் கட்டினார்கள். கட்டியவர்களில் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

31க்குச் சில நாள் முன்னர் எங்கள் பகுதி மிட்வைப் மிஸ் வந்து, பிள்ளை பெற்ற தாய்க்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று அறியும், பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வாசித்தார். மாமி பக்கத்திலேயே இருந்தார். நான் எல்லாவற்றுக்கும் சுகம், சந்தோசம் என்றே சொன்னேன். மிஸ் எழுதிக்கொண்டார். படலைவரை போனவர் திரும்பி, "பிள்ளை, அடுத்த கிளினிக்குக்குப் பெடியனோட நீங்கள் மட்டும் வாங்கோ" என்றார்.

போனேன். நிறை பார்க்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அதே படிவத்தைத் தந்து, "நீங்களே வாசிச்சுப் போடுங்கோ" என்றார். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா, உங்களையே குறை சொன்னீர்களா என்று போகும். பத்தாவது, தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்பது. அதில் பேனையை வைத்தபடி இருந்தேன், கை நகரவில்லை. மிஸ் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் அழுது முடிய விட்டார்.

ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 30. புள்ளி கூடினால் மனச்சோர்வும் கூட. எனக்கு 19. ஸ்கொட்லாந்தில் எடின்பரோவில் உருவாக்கி, 1987இல் வெளியிட்ட கேள்விகள் அவை என்று பிறகு அறிந்தேன். அந்தப் படிவம் யாழ்ப்பாணத்து அளவெட்டி ஒழுங்கையால் சைக்கிளில் வந்து என் வீட்டுக்குள் நுழைந்ததை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

அன்றைக்கே சுகாதார வைத்திய அதிகாரி கடிதம் எழுதித் தந்தார். முதலில் போன இடத்தில், வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்க, "மனநோய்க் கிளினிக்கோ?" என்று கேட்டார்கள். பிறகு டொக்டர் லீவு என்று திருப்பி அனுப்பினார்கள். அதோடு விட்டுவிடத்தான் நினைத்தேன். மிஸ் விடவில்லை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கோ என்றார். துர்க்கை அம்மன் கோவிலுக்கு என்று அயலுக்குச் சொல்லிவிட்டு ஆட்டோவில் போனோம். கடிதம், அடையாள அட்டை, பிள்ளையின் கிளினிக் கொப்பி, மாற்றுத் துணி. இவ்வளவும் கையில் இருந்தால் போதும். வேளைக்குப் போய் இலக்கத் துண்டு எடுத்தால் நல்லது. காசு ஒன்றும் இல்லை.

பிள்ளையை வெளியே அம்மாவிடம் விட்டுவிட்டு வரச் சொல்வார்கள் என்று நினைத்தேன். டொக்டர், "அவரையும் கொண்டு வாங்கோ, இரண்டு பேரையும்தான் பாக்கவேணும்" என்றார். கட்டிலில் அவனைக் கிடத்தி என்னைக் கதைக்கச் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவன் சுவரைப் பார்த்தான். தாய் முகத்தை அசைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தாலே கைக்குழந்தை முதலில் சிரித்தும் கையாட்டியும் கூப்பிட்டுப் பார்க்குமாம். பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிவிடுமாம். 1970களிலேயே ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். "உங்களில குற்றமில்லை. உங்கட வருத்தம் மாறினால் அவரும் திரும்பிப் பாப்பார்" என்றார். குழந்தைக்கும் மனம் உண்டு என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

மனச்சோர்வுக்குச் செர்ட்ரலின் குளிசை தந்தார். பால் கொடுக்கலாமா என்று மூன்று தரம் கேட்டேன். பாலுக்குள் போவது மிகச் சிறிய அளவு, கொடுங்கோ என்று மூன்று தரமும் பொறுமையாகச் சொன்னார். குணம் தெரிய இரண்டு மூன்று கிழமை செல்லும், அதற்குள் நிறுத்த வேண்டாம் என்றார். உளவளத்துணையாளர் ஒரு வேலை தந்தார். பால் கொடுத்த பிறகு ஒரு சாண் தூரத்தில் அவன் முகத்தைப் பிடித்து, அவன் செய்வதையே அவனுக்குச் சொல்ல வேண்டும். "கொட்டாவி விடுறீங்களோ?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். இரவில் ஏவறை எடுக்க வைப்பது என் கணவருடைய பொறுப்பு என்றார். மாமியையும் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார்.

வரும் வழியில் ஆட்டோவுக்குள் மாமி என் கையைப் பிடித்தார். "95 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்க இவன் நாப்பது நாள் பிள்ளை. சாவகச்சேரியில பள்ளிக்கூட விறாந்தையில கிடந்தம். எனக்கும் இப்பிடித்தான் இருந்தது. ஆர் கேட்டவை?" என்றார். அந்த நாப்பது நாள் பிள்ளையான என் கணவருக்கே அது தெரியாது. அன்றிரவு நூலை மாமியே கத்தரித்தார்.

மூன்றாம் மாதம் ஒரு பின்னேரம். பால் குடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினான். கடைவாயில் பால் வழிய, அண்ணாந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். ஃபேன் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அவனுக்கு ஒன்பது மாதம். குளிசையை டொக்டர் சொல்லும்வரை நிறுத்த மாட்டேன். இரவில் தாங்க முடியாமல் போனால் எடுக்கச் சொல்லி மிஸ் தந்த தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கம் இன்னும் குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறது. போன கிழமை பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி, பிறந்து இருபது நாள் மகளோடு வந்து அதைப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.