பாலை மறந்த பாக்டீரியா

முதுநிலை நுண்ணுயிரியல் படித்த காலத்தில், பாலில் வளர்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு பாக்டீரியாவை மூன்றே வாரங்களில் பாலுக்கு உதவாததாக ஆக்கிவிட்டேன். அந்தத் தவறுதான் பால் பாக்டீரியாக்களின் மரபியலுக்குள் என்னை இழுத்துச் சென்றது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அது லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்னும் பாக்டீரியா. சீஸ், வெண்ணெய், புளித்த மோர் ஆகியவற்றுக்கு உலகெங்கும் உறையாகப் பயன்படுவது. நம் வீட்டுத் தயிரிலும் இதன் இனங்கள் உண்டு. சிறு கண்ணாடிக் குப்பிக்குள் உறைநிலையில் உலர்த்தப்பட்ட தூளாக எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தது. அதனை நாள்தோறும் புதிய திரவ ஊடகத்துக்கு மாற்றி உயிரோடு வைத்திருப்பது என் பொறுப்பு. எம்17 என்னும் ஊடகத்தில் பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் சேர்ப்பதற்குப் பதிலாக, அலமாரியில் கைக்கு எட்டிய குளுக்கோஸைச் சேர்த்தேன். 30 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய குழாய்களை, மற்ற மாணவர்களின் தட்டுகளோடு சேர்த்து 37 டிகிரிப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலையில் குழாய்கள் நன்றாகக் கலங்கியிருந்ததால், எல்லாம் சரியாக நடக்கிறது என்றே நம்பினேன். மூன்று வாரங்கள் கழித்து அதில் ஒரு துளியைக் காய்ச்சி ஆறிய பாலில் விட்டபோது, விடிந்த பின்னும் பால் பாலாகவே இருந்தது.

வேறு ஏதோ கிருமி கலந்துவிட்டது என்று நினைத்து அதைக் கொட்டப் போனேன். என் ஆய்வு நெறியாளர் தடுத்து, லாக்டோஸும் புரோமோகிரசால் பர்ப்பிள் என்னும் நிறங்காட்டியும் கலந்த அகார் தட்டில் அதைப் பரப்பிப் பார்க்கச் சொன்னார். லாக்டோஸை உண்டு அமிலம் சுரக்கும் காலனிகள், அதாவது செல் கூட்டங்கள், அந்தத் தட்டில் மஞ்சளாகத் தெரியும்; உண்ண இயலாதவை வெள்ளையாக நிற்கும். என் தட்டில் ஆங்காங்கே சில மஞ்சள் புள்ளிகள் இருந்தன. மற்றவை அனைத்தும் வெள்ளை. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே, இணை இணையாகவும் சிறு சங்கிலிகளாகவும் நின்ற அதே உருண்டைச் செல்கள். கிருமி எதுவும் கலக்கவில்லை. "பிளாஸ்மிட் போய்விட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

ஒரு பாக்டீரியாவின் மரபுச் செய்தியில் பெரும்பகுதி அதன் குரோமோசோமில் இருக்கிறது. அதைத் தவிர, பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டி.என்.ஏ. வளையங்கள் தனியாகவும் மிதந்துகொண்டிருக்கலாம். குரோமோசோம் இல்லாமல் செல் வாழாது. பிளாஸ்மிட் இல்லாமல் பெரும்பாலும் வாழ்ந்துவிடும். செல் இரண்டாகப் பிரியும்போது ஒரு மகவுச் செல்லுக்குப் பிளாஸ்மிட் போய்ச் சேராமல் விடுபடுவதும் உண்டு. லாக்டோகாக்கஸைப் பொறுத்தவரை வியப்புக்குரிய செய்தி என்னவென்றால், பாலில் வாழ்வதற்கு அதற்கு இன்றியமையாத திறன்கள் பலவும் குரோமோசோமில் இல்லாமல், இப்படி விடுபட்டுப் போகக்கூடிய வளையங்களில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

உறை வளர்ப்புகள் காரணம் தெரியாமல் திடீரென்று வலுவிழப்பது பால்பண்ணைத் தொழிலில் நெடுங்காலமாக அறியப்பட்ட தொல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் லாரி மெக்கேயும் அவருடைய குழுவினரும் 1972-இல், அக்ரிஃபிளேவின் என்னும் சாயத்தைக் கொண்டு இந்தப் பாக்டீரியாக்களின் லாக்டோஸ் செரிக்கும் திறனை நிலையாகவே நீக்க முடியும் என்று காட்டினர். அந்தச் சாயம் பிளாஸ்மிட்களை வெளியேற்றக்கூடியது என்பதால், அந்தத் திறன் பிளாஸ்மிட்டில் இருக்கக்கூடும் என்ற கருத்து எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிளாஸ்மிட்கள் நேரடியாகவே கண்டறியப்பட்டு, அது உறுதியாயிற்று. இங்கிலாந்தில் மைக் காசன் 1983-இல், ஒரு பால் இனத்திலிருந்து பிளாஸ்மிட்கள் அனைத்தையும் நீக்கி எம்ஜி1363 என்னும் இனத்தை உருவாக்கினார். இன்று உலகின் ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் லாக்டோகாக்கஸ் அதுதான். பாலில் பிறந்த இனத்தின் வழித்தோன்றலான அது, தன்னந்தனியாகப் பாலைத் தயிராக்கும் வலிமை அற்றது.

அந்த வளையங்களில் என்னதான் இருக்கிறது? முதலாவது, லாக்டோஸைச் செல்லுக்குள் கொண்டுவரும்போதே அதனோடு ஒரு பாஸ்பேட்டைப் பிணைத்துவிடும் ஏற்பாடும், அப்படிப் பிணைக்கப்பட்ட சர்க்கரையைப் பிளக்கும் நொதியும். இரண்டாவது, செல்லின் வெளிச்சுவரில் நங்கூரமிட்டு நிற்கும் ஒரு பெரிய புரதச் சிதைப்பு நொதி. பாலில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் தனித்த அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. தன் புரதத் தேவைக்கு லாக்டோகாக்கஸ், பாலின் முதன்மைப் புரதமான கேசீனை உடைத்தே ஆக வேண்டும். இந்த நொதியை இழந்த செல்கள், பாலில் இயல்பாக உள்ள சிறிதளவு அமினோ அமிலங்களைத் தீர்த்துவிட்டு, பால் உறைவதற்கு நெடுநேரம் முன்பே வளர்ச்சி நின்றுபோகின்றன. வெண்ணெய் மணம் தரும் டையசெட்டைலுக்கு மூலமான சிட்ரேட்டைச் செல்லுக்குள் எடுத்துவரும் புரதத்தின் மரபணுவும் பிளாஸ்மிட்டில்தான் இருக்கிறது. ஆக, தயிரின் புளிப்பு, கெட்டித்தன்மை, மணம் ஆகிய மூன்றும் இந்தக் கழன்றுபோகக்கூடிய வளையங்களின் தயவில் நிற்கின்றன.

புரதச் சிதைப்பு நொதியைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். அது செல்லுக்கு வெளியே வேலை செய்கிறது. அது உடைக்கும் கேசீனின் துண்டுகள் பாலில் கரைந்து பரவி, பக்கத்துச் செல்களுக்கும் கிடைக்கின்றன. நொதியைத் தயாரிக்கும் செல் அதற்கான செலவை ஏற்கிறது. தயாரிக்காத செல் அக்கம்பக்கத்தில் மிதந்து வருவதை உண்டு வாழ்கிறது. இதனால் நெரிசலாக வளரும் பாலில், நொதியை இழந்த செல்கள் அழியாமல் இருப்பதோடு, தலைமுறைக்குத் தலைமுறை பெருகவும் செய்கின்றன. அவை மிகுந்துபோனால் உறை மந்தமாகி, முன்பு ஓர் இரவில் தோய்ந்த பால் மறுநாள் நண்பகல் வரை காத்திருக்க வைக்கும். செல்களை மிகச் சிறு அளவில், ஒன்றுக்கொன்று விலகியிருக்குமாறு வளர்த்தால் நொதியுள்ளவை வெல்கின்றன என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உறை எவ்வளவு விட வேண்டும் என்ற கேள்விக்குப் பின்னால் பரிணாமக் கணக்கு ஒன்றும் இருக்கிறது என்பது, இதைப் படிக்கும் வரை என் நினைவில் எட்டியதே இல்லை.

இத்தனை முக்கியமான மரபணுக்கள் ஏன் இவ்வளவு தளர்வாக வைக்கப்பட்டிருக்கின்றன? லாக்டோகாக்கஸ் அடிப்படையில் பாலுக்கு உரிய உயிர் அல்ல என்பதே இதற்குப் பொருத்தமான விடையாகத் தெரிகிறது. இலைகளிலும் தானியங்களிலும் முளைகளிலும் அதன் இனங்கள் ஏராளமாக வாழ்கின்றன. அவை பலவகைச் செடிச் சர்க்கரைகளைச் செரிப்பதோடு, தமக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் பலவற்றைத் தாமே தயாரித்தும் கொள்கின்றன. மனிதர் ஆட்டையும் மாட்டையும் கறக்கத் தொடங்கிய பின், செடியிலிருந்து கலயத்துக்குள் விழுந்த இனங்களில், பாலுக்கு உதவும் பிளாஸ்மிட்களைப் பிற பாக்டீரியாக்களிடமிருந்து பெற்றவை தங்கிவிட்டன. இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்கள், முளைகட்டிய பாசிப்பயற்றிலிருந்து எடுக்கப்பட்ட கேஎஃப்147 என்னும் இனத்தைப் பாலில் தொடர்ந்து ஏறத்தாழ 1000 தலைமுறைகள் வளர்த்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். செடியில் பிறந்த அந்தப் பாக்டீரியா பாலை முன்னிலும் விரைவாகப் புளிக்க வைக்கத் தொடங்கியிருந்தது. நைட்ரஜனைக் கையாளும் முறையில் அது அடைந்த மாற்றங்கள், பால் இனங்களில் காணப்படும் அடையாளங்களை ஒத்திருந்தன. முளைகட்டிய பயறும் உறை ஊற்றிய பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நம் அடுப்படிகளை இந்த ஆய்வு எனக்கு நினைவூட்டியது.

யோகர்ட்டுக்கு உரிய இரு பாக்டீரியாக்களின் கதை வேறு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸின் மரபணுத் தொகுதியை 2004-இல் முழுமையாகப் படித்தபோது, அதன் மரபணுக்களில் பத்தில் ஒரு பங்கு சிதைந்து, செயலற்றுக் கிடப்பது தெரியவந்தது. நிமோனியாவையும் தொண்டை அழற்சியையும் உண்டாக்கும் உறவினர்களைக் கொண்ட குடும்பம் அது. ஆனால் நோய் உண்டாக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் இதில் இல்லை, அல்லது உடைந்து கிடக்கின்றன. லாக்டோஸைப் பிளந்து குளுக்கோஸை வைத்துக்கொண்டு, கேலக்டோஸை வெளியே தள்ளிவிடுவதே இதன் வழக்கம். பீட்சாவின் மேலுள்ள சீஸ் அடுப்பில் மிகையாகப் பழுப்பதற்கு அப்படி மிஞ்சிய கேலக்டோஸ் ஒரு காரணம். இதன் கூட்டாளியான லாக்டோபாசில்லஸ் பல்கேரிகஸை 1905-இல் ஸ்டாமன் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மருத்துவர் கண்டறிந்தார். 2006-இல் படிக்கப்பட்ட அதன் தொகுதியும் சுருங்கிக்கொண்டே வருவதுதான். அது கேசீனை உடைத்துத் தருகிறது. தெர்மோஃபிலஸ் அதற்கு ஃபார்மிக் அமிலமும் கார்பன் டையாக்சைடும் தருகிறது. கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களுக்கான மரபணுத் தொகுப்பு ஒன்று இவற்றுக்கிடையே கைமாறியிருப்பதற்கான தடயமும் உண்டு. ஒரே பானையில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

உறை கெட்டுப்போவதற்குப் பிளாஸ்மிட் இழப்பைவிடக் கொடிய காரணம் ஒன்று இருக்கிறது: ஃபேஜ் எனப்படும், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். நியூசிலாந்தின் சீஸ் ஆலைகளில் உறை திடீர் திடீரென்று செத்துப்போவதற்கு ஃபேஜ்களே காரணம் என்பதை வைட்ஹெட்டும் காக்ஸும் 1935-இல் வெளிப்படுத்தினர். பல ஃபேஜ்கள் பாஸ்டர் முறைச் சூட்டையும் தாங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் வட கரோலினாவில் டாட் கிளேன்ஹாமரின் குழுவினர் 1980-களில், ஃபேஜ் எதிர்ப்பைத் தரும் பிடிஆர்2030 என்னும் பிளாஸ்மிட்டை, பாக்டீரியாக்களின் இயற்கையான இணைவு முறையாலேயே பிற இனங்களுக்கு மாற்றி, ஆலைகளில் பயன்படச் செய்தனர். சில ஆண்டுகளில் அந்த அரணையும் கடந்த ஒரு ஃபேஜ் தோன்றியது; அதன் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, அதே பிளாஸ்மிட்டில் இருந்த காப்பு மரபணுவின் ஒரு பகுதியைத் தனதாக்கிக்கொண்டு வந்திருந்தது தெரிந்தது. காவலனின் சாவியையே எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது!

கிரிஸ்பர் என்ற சொல்லை இன்று செய்தித்தாள் படிப்போர் அனைவரும் அறிவர். அது தயிர் உறையோடு பிணைந்தது என்பதை அறிந்தோர் குறைவு. தெர்மோஃபிலஸின் டி.என்.ஏ.வில், ஒரே தொடர் திரும்பத் திரும்ப வர, இடையிடையே ஏறத்தாழ 30 எழுத்துகள் நீளமுள்ள வெவ்வேறு துண்டுகள் செருகப்பட்டிருக்கும். கிரிஸ்பர் என்பது இந்த அமைப்பின் பெயர்தான். அந்தத் துண்டுகள் ஃபேஜ்களின் டி.என்.ஏ.வோடு பொருந்துவதை 2005-இல் சில குழுக்கள் தனித்தனியே கவனித்தன. டானிஸ்கோ என்னும் பால் உறை நிறுவனத்தில் பணியாற்றிய ரோடோல்ஃப் பாராங்குவும் ஃபிலிப் ஒர்வாத்தும் உடன்பணியாற்றியோரும், கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்து சில்வான் மொய்னோவோடு சேர்ந்து, 2007-இல் இதன் பொருளை நிறுவினர். தெர்மோஃபிலஸை இரண்டு ஃபேஜ்களுக்கு இரையாக்கி, தப்பிப் பிழைத்த ஒன்பது வளர்ப்புகளை ஆராய்ந்தபோது, அவற்றில் தாக்கிய ஃபேஜின் துண்டுகள் புதிதாகச் சேர்ந்திருந்தன. அந்தத் துண்டை நீக்கினால் எதிர்ப்பு போயிற்று. வேறு செல்லில் செருகினால் எதிர்ப்பு வந்தது. துண்டோடு பொருந்தும் இடத்தில் ஃபேஜ் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டால், மீண்டும் தாக்க முடிந்தது. ஒரு பாக்டீரியா தன் எதிரிகளின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, அதைத் தன் சந்ததிக்குக் கொடுத்துச் செல்கிறது. புதிய பதிவுகள் எப்போதும் ஒரே முனையில் சேர்வதால், ஓர் உறை எந்த ஃபேஜை எந்த வரிசையில் எதிர்கொண்டது என்பதைக்கூட ஓரளவு படித்தறியலாம். இந்த ஏற்பாட்டை மரபணு திருத்தும் கருவியாக்கியதற்காக 2020-இல் இமானுவேல் சார்பென்டியேவுக்கும் ஜெனிஃபர் டௌட்னாவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பயன்படுத்திய, டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 நொதி, தெர்மோஃபிலஸின் நோய் உண்டாக்கும் உறவினரான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸிலிருந்து வந்தது.

பெரிய ஆலைகள் இப்போது உறையைத் தாமே நாள்தோறும் வளர்ப்பது குறைந்துவிட்டது. செறிவூட்டி உறையவைத்த வளர்ப்பைக் குப்பியிலிருந்து நேரடியாகப் பால் தொட்டியில் கொட்டுகிறார்கள். தலைமுறைகள் குறைவாக இருந்தால் இழப்பும் குறைவு என்பதால், தொழிலுக்கு அது சரியான வழிதான். ஆனால் பரிணாமம் ஓய்வின்றி நடந்துகொண்டிருப்பது வீட்டுப் பாத்திரங்களில். இரவுதோறும் பாலில் விடப்படும் ஒரு கரண்டி உறைமோரில், லாக்டோஸைச் செரிக்க மறந்த செல் எளிதில் பெருக முடியாது. நாள்தோறும் பால் அதைச் சோதித்து வடிகட்டுகிறது. நான் குளுக்கோஸ் கொடுத்துச் செய்த தவறு, இந்த வடிகட்டியை எடுத்துவிட்டதுதான். கர்னாலில் உள்ள தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனம் பால் பாக்டீரியாக்களுக்கெனவே ஒரு சேகரிப்பகம் நடத்துகிறது. வீட்டு உறைகளும் அவ்வாறு முறையாகத் திரட்டப்பட வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். கடைத் தயிருக்கு மாறும் ஒவ்வொரு குடும்பத்தோடும் பல தலைமுறைப் பதிவேடு ஒன்று கழுவி ஊற்றப்படுகிறது.

சென்ற மாதம் அம்மாவின் உறைமோரில் ஒரு துளியை எடுத்து, அன்று பயன்படுத்திய அதே நிறங்காட்டித் தட்டில் பரப்பினேன். இரண்டு நாளில் தட்டு முழுவதும் மஞ்சள் காலனிகள் நிறைந்தன; ஓரத்தில் மூன்று மட்டும் வெள்ளை. அவை பாலை மறந்த லாக்டோகாக்கஸா, அல்லது வேறு இனங்களா என்பதை இன்னும் பார்க்கவில்லை. மூன்றையும் தனித்தனிக் குழாய்களில் எடுத்து, கிளிசரால் சேர்த்து, உறைய வைத்திருக்கிறேன்.